எரிமேட்டை விட்டு இறங்கிய தீ

திரைநாட்டின் கடல் என்றும் மீனோடு இருக்க, வெண்கோட்டு மலையில் மழை காலந்தவறாமல் இறங்க, குடிகளின் உலையில் அரிசி குறையாதிருக்க, நெடுவேள் வெண்கோடனார் திருவாய் மொழிந்தபடி, அவருடைய மூத்த அமைச்சன் உதியன் கூத்தன் எழுதுவிக்கும் ஓலை. பாணற்காயலைச் சுற்றி வாழும் கழிக்கரை ஊர்களின் கிழார்களும், துறைக்காரரும், உப்பளத்தாரும், வலைஞரும், வணிகரும், கூத்தரும், அவர்தம் வீட்டுப் பெண்டிரும் ஒருவர் விடாமல் மன்றத்தில் கூடியிருந்து கேட்பதாகுக. உங்கள் வலைகள் கிழியாதிருக்க. உங்கள் உப்புக் குவியல்கள் மழையில் கரையாதிருக்க. உங்கள் பிள்ளைகள் உங்களுக்குப் பின்னும் இருக்க. வாழ்த்து இவ்வளவு போதும். இதற்கு மேல் வாழ்த்த இப்போது எமக்கு மனம் வரவில்லை.

இதை வாசிக்கும் கணக்கர் மென்று விழுங்காமல் வாசிக்க. கேட்பவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்க. இதில் வருகிறவர்கள் பேசிய பேச்சை அவர்கள் வாயில் வந்தபடியே எழுதச் சொல்லியிருக்கிறோம். அரண்மனைத் தமிழில் பூசி மெழுகி எழுதினால் உங்களுக்கு உறைக்காது. உறைக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

எரிக்காவல் நாயகி கடம்பன் சாத்தியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். உங்கள் ஊர்த் தெருக்களில் அவள் நடந்து நடந்து கால் வெடித்தவள்; உங்கள் கிழார்களின் வாசலில் நின்று நின்று வாய் ஓய்ந்தவள். நிலவுக்குப் போன வாணக்கலத்தை ஓட்டிய மீகாமன் ஓரி அவளுடைய உடன்பிறந்த தம்பி. தாய் இறந்த நாள் முதல் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவன் வானத்தில் ஏறுவதும் அவள் தரையில் தீ மூட்டுவதும் ஒரே வேலையின் இரு பாதி என்பதை அவர்கள் இருவரும் அறிந்திருந்தார்கள். நீங்களும் ஒரு காலத்தில் அறிந்திருந்தீர்கள்.

முதற்செலவு, நிலவுக்கான முதல் பயணம், நினைவிருக்கிறதா? மனிதர் நிலவில் கால் வைக்கப் போகிறார்கள் என்று முரசு அறைந்தபோது இந்நாட்டில் உறங்கியவர் யார்? பிறந்த பிள்ளைக்கெல்லாம் மதி என்று பெயர். பெண்கள் காதிலெல்லாம் பிறைத்தோடு. நாவிதன் கூடக் குடுமியை மதிவடிவாய்ச் சிரைத்துவிட்டுக் கூடுதல் கூலி கேட்டான். கலம் நிலவிலிருந்து திரும்பும் அந்தியில், கீழே இருட்டைத் தவிர வேறொன்றும் தெரியாத மீகாமனுக்கு, பாணற்காயலைச் சுற்றி எரிமேடுகளில் மூட்டும் தீவட்டம் ஒன்றுதான் வழிகாட்டி. வட்டத்தின் நடுவைக் குறிபார்த்து இறக்கினால் காயலின் ஆழநீர் அவனை ஏந்திக்கொள்ளும். இதைச் சொன்னபோது நீங்கள் வீட்டுக் கதவைப் பெயர்த்து விறகாகக் கொண்டுவந்தீர்கள். ஊர்களுக்கும் காயலுக்கும் நடுவே கிடக்கும் கற்பரப்பின் முள்ளையும் பிளவையும் பொருட்படுத்தாமல் கிழவர் கூட நடந்து கரைமேடுகளுக்கு வந்தார்கள். கலம் நீரில் இறங்கியபோது நீங்கள் போட்ட கூச்சல் தலைநகர் வரை கேட்டது என்று அன்று பெருமையாகச் சொன்னோம். அது பொய்யில்லை.

பிறகு என்ன ஆயிற்று? போய்வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். அங்கே முயல் இல்லை, அமுதம் இல்லை, காற்று கூட இல்லை. சாம்பல் போன்ற தூளும் கல்லும் குழியும்தான். அதைக் கேட்டதும் உங்கள் முகம் தொங்கிப்போயிற்று. எங்கள் நிலவை இவர்கள் பாழ்பண்ணிவிட்டார்கள் என்று உப்பளத்துப் பெண்ணொருத்தி எம் காதுபடவே வைதாள். நெடுவேள் அப்போதும் சலியாமல் எடுத்துரைத்தார்: நிலவு நமக்குப் பொம்மை அன்று, துறை; கடலில் நெடுந்தொலைவு போகிறவன் முதல் துறையில் நீர் ஏற்றிக்கொண்டு போவது போல, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் போக நினைப்பவன் நிலவில் நின்றுதான் போக வேண்டும்; அங்கே குடில் போட்டு வாழப் பழகினால்தான் அதற்கு அப்பால் காலெடுத்து வைக்க முடியும். நீங்கள் தலையாட்டினீர்கள். தலையாட்டியபடியே எழுந்து போனீர்கள்.

நிலவின்மேல் இருந்த ஆசை போயிற்று; ஆனால் நிலவின் பேரால் கூடிய திருவிழாவின்மேல் இருந்த ஆசை போகவில்லை. இங்கேதான் கேடு பிறந்தது.

இரண்டாம் செலவின்போது வளையற்காரரும் பணியாரம் சுடுவோரும் கற்பரப்பைத் தாண்டிச் சுமை தூக்கிப் போவது தொல்லை என்று ஊர் மன்றங்களிலேயே கடை விரித்தார்கள். கடை இருக்கும் இடத்துக்குக் கூத்து வந்தது. கூத்து இருக்கும் இடத்துக்குக் கூட்டம் வந்தது. கூட்டம் இருக்கும் இடத்துக்குத் தீயும் வந்தது. மேற்குக்கரை ஊர்களில் இரண்டு மூன்று, காயலோரத்து எரிமேட்டை விட்டுவிட்டு, கற்பரப்புக்கு இப்பால் தம் மன்றத்திலேயே தீ மூட்டின. அந்தக் கலம் ஆழநீரில் இறங்காமல் காயலின் மேற்கு விளிம்புச் சேற்றில் வந்து புதைந்தது. ஓரி சேற்றிலிருந்து எருமைக்கன்று போல் எழுந்து வந்தான். நீங்கள் சிரித்தீர்கள், அவனும் சிரித்தான். சாத்தி சிரிக்கவில்லை.

தீவட்டத்தின் மேற்குப் பாதி நகர்ந்தால் அதன் நடுவும் மேற்கே நகரும், இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் நடு என்பது நீரில் இராது, கல்லின்மேல் இருக்கும் என்று அவள் கணித்தாள். அதைக் கோலமாவால் தரையில் போட்டுக் காட்டியும் தலைநகரத்து அதிகாரிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கலம் வந்துவிட்டதே, பிறகென்ன என்றார்கள். அவள் ஊர் ஊராகப் போனாள். கண்டல்பாக்கத்துப் பூவன் கிழார் அவளுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்து, மிகுந்த அன்போடு சொன்னது இது:

"தாயி, நீ ஏன் இப்படிப் பதறுற? தீ மூட்டலைன்னா கேளு. எங்க ஊருத் தீதான் இந்தக் கரையிலேயே பெருசு. அங்க அந்த மேட்டுல மூட்டினா யாரு பாக்கப்போறா?"

"மேல இருக்கிறவன் பாக்கணும் கிழாரே. உங்க ஊரு பாக்கிறதுக்காகவா மூட்டச் சொல்றேன்?"

"அவனுக்கும்தான் தெரியுமே. வானத்துல இருந்து பாக்கிறவனுக்கு மேடு என்ன, மன்றம் என்ன? எல்லாம் பக்கத்துப் பக்கத்துலதானே தெரியும்!"

அந்தப் பக்கத்துப் பக்கத்துக்கு நடுவேதான் கற்பரப்பு கிடந்தது. அதைத் தாண்டி விறகு சுமக்க உங்களுக்கு அலுத்துப்போயிற்று. அலுப்பு பெருங்குற்றமில்லை. வேலை செய்கிற எவருக்கும் அலுப்பு வரும். ஆனால் செய்யவில்லை என்று சொல்லத் துணியாமல், வேறிடத்தில் செய்துவிட்டுச் செய்தோம் என்று மார்தட்டினீர்களே, அதைத்தான் எம்மால் பொறுக்க முடியவில்லை.

மூன்றாம் செலவுக்கு ஓரி புறப்பட்டபோது அவனை வழியனுப்ப வந்தவர்கள் அரண்மனைக் காவலரும், குதிரைக்குப் புல் கொண்டுவந்த இருவரும், சாத்தியும்தான். கூட்டம் இல்லையே என்று அவள் மனம் வெதும்பினாள். அவனோ கேலி செய்தான். "நல்லதாப் போச்சு அக்கா. போன தடவை மாலை போட்டே கழுத்தை நெரிச்சானுங்க" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, மேலேயிருந்து பார்க்கும்போது நிலம் முழுக்க இருட்டாய்க் கிடக்கும், எங்கே போகிறோம் என்றே தெரியாது, அப்போது தீவட்டம் தெரிந்தால் யாரோ கூப்பிடுவது போல் இருக்கும் என்றான். சாத்தி அவன் தலையில் செல்லமாய்க் குட்டிவிட்டு, "கூப்பிடுறேன், வந்து சேரு" என்றாள். அவனோடு கல்நூல் வல்லான் எயினன் ஏறினான். முன்னரே நிலவுக்குப் போய்க் குடில் போட்டுத் தங்கியிருந்த இருவர் இருளோரத்துக் குழிகளில் கிளறியெடுத்து வைத்திருந்த கற்களைக் கொண்டுவருவதே அவர்கள் வேலை.

அவர்கள் திரும்பும் நாளும் வந்தது. சாத்தி காலையிலேயே கிழக்குக்கரை மணல்திட்டுக்குப் படகில் போய், தன் ஆட்களைக் கொண்டு அங்குள்ள மேடுகளில் விறகை அடுக்கினாள். அவளுடைய பாதி வட்டம் பிசகில்லாமல் நின்றது. வெயில் தாழ்ந்ததும் மேற்குக்கரைக்குத் துடுப்புப் போட்டு வந்து கண்டல்பாக்கத்து எரிமேட்டில் ஏறிப் பார்த்தாள். மேட்டில் ஓர் ஆள் இல்லை. ஒரு சுள்ளி இல்லை. போன தடவைச் சாம்பல் கூட இல்லை. மேட்டின்மேல் அடம்பங்கொடி படர்ந்து பூத்திருந்தது. வடக்கே அடுத்த மேட்டைப் பார்த்தாள். அங்கும் அப்படியே. தெற்கே பார்த்தாள். அங்கும் அப்படியே.

கற்பரப்புக்கு அப்பால், ஊர்களின் பக்கம், புகை எழுந்துகொண்டிருந்தது. ஒன்றல்ல, வரிசையாக. இந்த முறை இரண்டு மூன்று ஊர்கள் அல்ல, மேற்குக்கரை ஊர்கள் அத்தனையும் தம் மன்றத்திலேயே தீ மூட்டியிருந்தன. ஒன்றுக்கொன்று போட்டி வேறு. யார் தீ உயரம், யார் தீ அழகு என்று பந்தயம் கட்டியதாகப் பின்னால் அறிந்தோம். ஒருவன் தீயில் நெய் ஊற்றினானாம்! பச்சைப்பிள்ளைக்கு நெய்ச்சோறு கிடைக்காத ஊரில் தீக்கு நெய்!

சாத்தி ஓடினாள். கற்பரப்பில் விழுந்து முழங்காலில் தோல் பெயர்ந்தது அவளுக்குத் தெரியவில்லை. கண்டல்பாக்கத்து மன்றத்தை அடைந்தபோது அங்கே மதிச்செலவுக் கூத்து நடந்துகொண்டிருந்தது. மீகாமன் வேடம் கட்டியவன் மூங்கில் கலத்தில் ஏறி, நிலவில் முயலைத் தேடித் தேடிக் கோணங்கி காட்டிக்கொண்டிருந்தான். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நடுவே பனையுயரத் தீ.

அவள் பூவன் கிழாரின் காலில் விழுந்தாள். நாயகிப் பட்டம் கொண்டவள், அரசரின் முத்திரை மோதிரம் அணிந்தவள், விழுந்தாள்.

"கிழாரே, கும்பிடுறேன். இந்தத் தீயை அணைச்சிடுங்க. ஆளுக்கொரு கொள்ளி எடுத்துட்டு மேட்டுக்கு ஓடி வாங்க. என் தம்பி வந்துட்டிருக்கான்!"

"எழுந்திரு தாயி, எழுந்திரு. நாலு பேரு பாக்கிறாங்க. கூத்து முடியட்டும், வரோம்."

"கூத்து முடியறதுக்குள்ள அவன் முடிஞ்சிடுவான்!"

கிழார் கூத்தரைப் பார்த்தார்; கூட்டத்தைப் பார்த்தார்; பாதிக் கூத்தில் தீயை அணைத்தால் சனம் தம்மை ஏசும் என்று தயங்கினார். அவர் கெட்டவர் அல்லர். அந்தத் தயக்கத்தை நாம் எல்லாரும் ஒருநாள் இல்லை ஒருநாள் தயங்கியிருக்கிறோம். சாத்தி காத்திருக்கவில்லை. தீக்குள் கையை விட்டுக் கொள்ளிகளை இழுத்து வெளியே எறிந்தாள். சேலைத்தலைப்பு பற்றிக்கொண்டது, அதை மண்ணில் தேய்த்துவிட்டு மறுபடி இழுத்தாள். இது கூத்தின் பகுதி என்று நினைத்துச் சனம் கைதட்டிற்று. "அக்காக்காரி வேசம் நல்லா இருக்கு!" என்று ஒருவன் சீழ்க்கை அடித்தான். அவன் பெயர் எமக்குத் தெரியும். எழுதவில்லை, அவனே இந்தக் கூட்டத்தில் இருந்து கேட்கட்டும்.

அப்போது வானத்தில் கலம் தெரிந்தது.

முதலில் விண்மீன் போலச் சிறிதாய், பிறகு விளக்குப் போல, பிறகு எரியும் குடம் போல இறங்கிற்று. முந்தைய செலவுகளில் அது காயலின்மேல் எங்கோ தொலைவில்தான் இறங்கியிருந்தது. இம்முறை தலைக்கு நேரே வருவது போல் வந்தது. இவ்வளவு அருகில் யாரும் அதைக் கண்டதில்லை. சனம் துள்ளிற்று. குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். "நம்ம ஊருக்கே வராங்கடா!" என்று கிழவர்கள் கூடக் கத்தினார்கள். சாத்தி மட்டும், அங்கே போ, அங்கே போ என்று இரு கையாலும் வானத்தைக் காயல் பக்கம் தள்ளிக்கொண்டு நின்றாள். கலத்துக்கும் அவளுக்கும் நடுவே எத்தனை தொலைவு என்பது அவளுக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் தள்ளினாள்.

கலம் கற்பரப்பில் விழுந்தது. ஓசை கேட்டது, தரை அதிர்ந்தது, கூத்தரின் மூங்கில் கலம் சரிந்தது. அப்போதும் பின்வரிசையில் சிலர் கைதட்டினார்கள்.

அடுத்து நடந்ததை எழுத எம் எழுத்தாணிக்காரன் மறுத்தான். அதட்டி எழுதச் சொல்லியிருக்கிறோம். சனம் கற்பரப்புக்கு ஓடியது உண்மை. உதவ ஓடியவர்கள் பலர் என்பதும் உண்மை. ஆனால் முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் குனிந்தது கற்களுக்காக. கலம் பிளந்து நிலாக்கற்கள் சிதறிக் கிடந்தன. அவை மினுங்கவில்லை, அழகில்லை, வீட்டுக் கொல்லையில் கிடக்கும் கல் போலத்தான் இருந்தன. ஆனாலும் நிலவிலிருந்து வந்த கல் அல்லவா! மடியிலும் முந்தானையிலும் கட்டினார்கள். எயினன் உடல் கிடந்த இடத்தருகே இரு பெண்கள் ஒரு கல்லுக்காகத் தலைமயிரைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு செலவாக நிலவைத் தலைநிமிர்ந்து பார்க்காத ஊர், அன்று நிலவைத் தரையில் தேடிற்று.

சாத்தி கல்லைத் தேடவில்லை. முனகல் வந்த திசையில் போய் ஓரியைக் கண்டாள். அவன் இடுப்புக்குக் கீழ்ப்பாதியின்மேல் கலம் கிடந்தது. மேலே முகம் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. அவள் வெந்த கையால் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவன் கண் திறந்து அவளை அடையாளம் கண்டான். காயல் நீர் எங்கே என்று கேட்டான். பிறகு இதைக் கேட்டான்:

"அக்கா, வட்டம் நல்லாத் தெரிஞ்சுச்சு. இந்தத் தடவைதான் ரொம்பப் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. நான் நடுவுலதானே இறக்கினேன்?"

"ஆமாண்டா கண்ணு. நடுவுலதான் இறக்கினே."

"தப்பு பண்ணலையே?"

"ஒரு தப்பும் பண்ணலைடா."

அவன் முகம் தெளிந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது. அவளைச் சுற்றி அந்நேரம் நின்றவர்கள் அவள் ஒப்பாரி வைப்பாள், வாய்க்கு வந்தபடி சபிப்பாள் என்று பயந்தார்கள். அவள் இரண்டும் செய்யவில்லை. தம்பியின் தலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, தீ அத்தனையையும் அணைக்கச் சொன்னாள். அன்றிரவு கழிக்கரை முழுதும் இருண்டு கிடந்தது. பெரும்பிழை செய்த பிறகு சொன்னபடி கேட்பதில் உங்களுக்கு ஈடு இல்லை.

நெடுவேள் இச்செய்தி கேட்டு உணவு கொள்ளவில்லை. மேற்குக்கரைக் கிழார்களைக் கட்டி இழுத்துவரச் சொன்னார். அவையில் பூவன் கிழார் முதலில் மார்நிமிர்த்தி, தம் ஊர்த் தீ குறையில்லாமல் எரிந்ததற்கு ஊரே சாட்சி என்றார். பிறகு சாத்தியின் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து, "சனம் சந்தோசமா இருந்துச்சே தாயி. அதைக் கலைக்க மனசு வரலியே" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். நெடுவேள், விறகை இடம் மாற்றிய கைகளை வெட்டுக என்று ஆணையிட வாயெடுத்தார். எமக்கும் அதில் மறுப்பில்லை. எம் கோபத்தை மறைக்க மாட்டோம். அன்று கையிலே வாள் இருந்திருந்தால் அமைச்சன் என்பதை மறந்திருப்போம்.

தடுத்தவள் சாத்தி. அவள் சொன்னது இது:

"கையை வெட்டிட்டா விறகை யாரு சுமப்பா? எனக்கு இவங்க கை வேணும் மன்னா. மேல இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க."

உண்மையைச் சொல்கிறோம், துக்கத்திலும் சினத்திலும் அந்த இருவரை நாங்களும் மறந்துபோயிருந்தோம். நீங்கள் மறந்ததில் வியப்பென்ன?

அவர்கள் பெயர் நீலி, கோவன். பாறைக்குடி மலைநாட்டார். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் அல்லர். உங்கள் சாதிசனம் அல்லர். அவர்கள் போனபோது உங்களில் ஒருவரும் மாலை கொண்டு வந்ததில்லை. நிலவின் குடிலில் தங்கி, பின்னே வருகிறவர் குடிக்க நீர் உண்டா என்று இருண்ட குழிகளில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அங்கிருந்து ஓரி புறப்பட்டதைக் கையசைத்து வழியனுப்பியவர்கள் அவர்கள். அவன் வந்து சேர்ந்து, ஊர் ஊராய்ப் போய்க் கதை அளந்துகொண்டிருப்பான் என்றே எண்ணியிருப்பார்கள். அவன் இறந்ததை அவர்களுக்குத் தெரிவிக்க இவ்வுலகில் எம்மிடம் வழி ஒன்றும் இல்லை. ஏற்றி வைத்திருக்கும் மூச்சுக்காற்று தீர்வதால் அவர்களால் அங்கே தங்கியிருக்கவும் முடியாது. வருகிற முழுமதிக்கு மறுநாள் அந்தியில், நாம் ஆயத்தமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர்களுடைய கலம் நம் வானத்தில் இறங்கும்.

ஆதலால் நெடுவேள் வெண்கோடனாரின் ஆணை பின்வருமாறு. அந்த அந்தியில் கழிக்கரை ஊர்கள் அனைத்தும் தத்தம் எரிமேட்டில், காயலோரத்து மேட்டில், தீ மூட்டுவதாகுக. வேறெங்கும் ஒரு பொறி தெரியலாகாது. அடுப்பையும் மூடுக, அகல்விளக்கையும் மூடுக. கிழாராக இருப்பவர் தம் தோளிலேயே முதற்சுமை விறகைத் தூக்கிக் கற்பரப்பைக் கடப்பாராக. கடை, கூத்து, முரசு, பந்தயம் ஒன்றும் கூடாது. எம்மால் இயலாது என்னும் ஊர் இப்போதே சொல்லிவிடுக; படைவீரரை அனுப்பி மூட்டிக்கொள்வோம், அதற்குத் தண்டனை இல்லை, ஏச்சும் இல்லை. மேற்கு மேடுகளைப் பார்வையிடக் கடம்பன் சாத்தி வருவாள். அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம், வழி விடுக. பொறுக்கிய நிலாக்கற்களை அவளிடம் ஒப்படைக்க; எயினன் முடிக்காமல் விட்ட வேலையை வேறொருவர் செய்ய வேண்டியிருக்கிறது.

அன்று வானத்தைப் பார்க்க வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. நிலவு உங்களுக்குச் சலித்துவிட்டது என்பதை ஏற்றுக்கொள்கிறோம். முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றும் தீ மூட்டலாம்.

இது அரசாணை. சங்கும் நங்கூரமும் பொறித்த முத்திரை இதன்கீழ் அரக்கில் இடப்பட்டது. ஓலையைக் கேட்டவர் கேளாதவருக்குச் சொல்க. ஆணையை மீறியவருக்கு என்ன தண்டனை என்று இதில் எழுதவில்லை. எழுதச் சொல்லி நெடுவேள் பணித்தும், சாத்தி வேண்டாம் என்றாள். ஆகவே ஒன்றை மட்டும் எழுதி முடிக்கிறோம்: நீலியும் கோவனும் உங்களை நம்பித்தான் இறங்குவார்கள், நீங்கள் எங்கே தீ மூட்டுகிறீர்களோ அதன் நடுவில்தான் இறங்குவார்கள்.